மருந்துக்கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்

ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகள் காலையில் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். சாந்து மாவைக் கரைத்து அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவார். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது புருவம், மூக்கு, சட்டைப்பை எல்லாம் வெள்ளையாக இருக்கும். தெருவில் அவரைப் பல்செட்காரர் என்பார்கள். வேறு பெயர் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே தெரியாது.

நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மாலையில் ஒரு ஆசை உண்டு. சத்தமில்லாத ஒரு இடத்தில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரித்துப் படிக்கவேண்டும். வீட்டில் அது நடக்காது. இரண்டே அறை. ஒன்றில் மகளும் மருமகனும் அவர்களுடைய இரட்டைக் குழந்தைகளும். இன்னொன்றில் மனைவியின் தையல் மெஷின், அதன் மேல் துணி, துணியின் மேல் தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட். நகராட்சி நூலகத்தில் படிப்பறை இருந்தது. ஆனால் அவர் கடையைப் பூட்டுகிற நேரத்தில் அதையும் பூட்டிவிடுவார்கள்.

ஒருநாள் நூலகரிடம் கேட்டார்.

“கொஞ்சம் லேட்டாப் பூட்டக் கூடாதா?”

“என்கிட்ட கேட்டா? மேல மாடியில நூலகக் குழு கூடும், மாசத்துல முதல் சனிக்கிழமை. அங்க போய்க் கேளுங்க.”

இப்படித்தான் அவர் மாடிப்படி ஏறினார்.

நூலகக் குழு என்பது ஐந்து பேர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நகர்மன்றம் நியமிக்கும். இடம் காலியானால் நகராட்சி வாசலில் அறிவிப்பு ஒட்டுவார்கள். விருப்பமுள்ளவர்கள் ஒரு மனு எழுதித் தரவேண்டும். மன்றத்திலிருந்து மூன்று பேர் உட்கார்ந்து நேர்காணல் செய்வார்கள். பிறகு மன்றம் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஒரு தவணை மூன்று வருஷம். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவரும் இருக்கக் கூடாது. இரண்டு முடித்தவர் ஒரு தவணையாவது வெளியே இருக்கவேண்டும். தாளில் விதி இப்படித்தான் இருந்தது. நடைமுறையில், அறிவிப்பை ஒருவரும் படிக்கமாட்டார்கள், மனுவும் வராது. கடைசி நாளில் யாராவது ஒரு கவுன்சிலர் தனக்குத் தெரிந்தவருக்குப் போன் போடுவார். “சும்மா பேரு போட்டுக்கிறோம்பா, உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது” என்பார். அப்படி அந்த மாதம்தான் போனில் நியமிக்கப்பட்டிருந்தார் ஒரு மருந்துக்கடைக்காரர். தொந்தரவு இருக்காது என்று சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். கடைசிவரை ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் வரவில்லை.

பார்வையாளர்களுக்குச் சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். பல்செட்காரர் அதில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் எழுந்து, படிப்பறையை மாலையில் திறந்துவைக்கக் கேட்டுக்கொண்டார். பரிசீலிக்கிறோம் என்றார்கள். எப்போது பரிசீலிக்கிறார்கள் என்று பார்க்க அடுத்த மாதமும் போனார், அதற்கடுத்த மாதமும் போனார். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. பெஞ்சுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. பல்செட்காரர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குழுத் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்.

“ஏங்க அங்க உக்காந்து நனையறீங்க? இந்த நாற்காலி காலியாத்தானே கிடக்கு, இங்க வாங்க.”

அவர் மேஜைக்கு வந்தார். பிறகு கூரையைச் சரிசெய்தார்கள், பெஞ்சு காய்ந்தது. யாரும் அவரைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை.

இந்தக் குழுவில் வருகைக்குக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் இல்லை. செயலாளர் மேஜையைச் சுற்றித் தலைகளை எண்ணுவார். ஐந்து தலை இருந்தால் ‘அனைவரும் வந்திருந்தனர்’ என்று எழுதிவிடுவார். ஐந்து தலை இருந்தது. மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராவிட்டால் பதவி போய்விடும் என்ற விதி மருந்துக்கடைக்காரரைத் தொடவே இல்லை. முதல் தவணை முடிந்ததும் நகர்மன்றம் அவருக்கு இரண்டாம் தவணையும் கொடுத்தது. ஒழுங்காக வருகிறவர் என்று காரணம் சொன்னார்கள்.

தான் உறுப்பினர் இல்லை என்பது பல்செட்காரருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். அவர் உறுப்பினர்தான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங்குக்கு அனுப்பும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். எறும்புத் தொல்லையை அவர் பார்த்துக்கொண்டார். நூலகத்தின் தண்ணீர்க் குழாய் கெட்டால் போன் அவருக்குத்தான் வரும்.

படிப்பறை விஷயம் ஒருவழியாக வாக்குக்கு வந்தது அவர் மேஜைக்கு வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு. கடுமையாக எதிர்த்தவர் டைல்ஸ் கடை அம்மா. அப்போது அவர் அந்தக் குழுவில் உறுப்பினர். மின்கட்டணம், காவலாளி சம்பளம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

“சரி, ஆதரிக்கிறவங்க எல்லாரும் கை தூக்குங்க,” என்றார் தலைவர்.

தலைவர் தூக்கினார், இன்னொருவர் தூக்கினார், பல்செட்காரரும் தூக்கினார். மேஜையில் இருக்கிற எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். எதிர்ப்பு இரண்டு. மூன்றுக்கு இரண்டு, தீர்மானம் நிறைவேறியது. அன்று முதல் படிப்பறை இரவு ஒன்பது மணி வரைக்கும் திறந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிற நர்ஸ் ஒருத்தி வந்தாள். வீட்டில் இடமில்லாத மாணவர்கள் வந்தார்கள். வேலை தேடுகிறவர்கள் வந்து விளம்பரப் பக்கத்துக்குச் சண்டை போட்டார்கள். பல்செட்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகை படித்தார்.

அடுத்த நகர்மன்றத் தேர்தலில் டைல்ஸ் கடை அம்மா நின்று ஜெயித்துக் கவுன்சிலர் ஆனார். குழுவில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். வந்தவரும் பல்செட்காரரை மூத்த உறுப்பினர் என்றே நினைத்துச் சந்தேகம் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் மட்டும்தான் உண்மை தெரிந்திருந்தது. முதல் சனிக்கிழமை அவர் சட்டை மாற்றும்போதெல்லாம் மனைவி தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமலே கேட்பாள்.

“எங்க, மீட்டிங்கா? உங்களை யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல.”

“கூப்பிடாத இடத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை! என் தம்பி வீட்டுக்கு வர்றதுக்கு மட்டும் பனியன்.”

அவர் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் அந்தக் கேள்வி எங்கோ தைத்திருந்தது. இத்தனை வருஷம் உட்கார்ந்தும், யாராவது ஒருநாள் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவேண்டிய நாற்காலி அது. கூட்டம் நடக்கும்போது அவர் நாற்காலியின் நுனியிலேயே உட்காருவார். முதுகை நன்றாகச் சாய்த்து, உரிமையோடு, அழைக்கப்பட்டவராக ஒருமுறை உட்காரவேண்டும் என்று அவருக்கு இருந்தது. வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் மருந்துக்கடைக்காரரின் இரண்டாம் தவணை முடிந்து, நகராட்சி வாசலில் ‘ஓர் இடம் காலி’ என்று அறிவிப்பு ஒட்டியபோது அதை முதலில் படித்தவர் அவர்தான். படித்தவரும் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. மனு எழுதினார். மகள் திருத்திக் கொடுத்தாள். ‘குழுவின் பணிகளில் நீண்டகால ஈடுபாடு உண்டு’ என்ற வரியை அவள்தான் சேர்த்தாள்.

நேர்காணல் நகராட்சியின் சின்ன அறையில் நடந்தது. ஒரு நீள மேஜை, ஓடாத மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் நகர்மன்றத் துணைத்தலைவர், டைல்ஸ் கடை அம்மா, போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கவுன்சிலர். ஓரத்தில் நகராட்சி எழுத்தர். பல்செட்காரர் வணக்கம் சொன்னார். டைல்ஸ் கடை அம்மா பதிலுக்குச் சிரித்தார். மேல்வரிசையில் இடதுபக்க முன்பல் தன் கைவேலை என்பது அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. நிறம் நன்றாகப் பொருந்தியிருந்தது.

சிரிப்பு அதோடு முடிந்தது.

“இவர் எதுக்கு மனு போட்டிருக்காரு?” என்று துணைத்தலைவரிடம் திரும்பினார் அந்த அம்மா. “இவர் தவணை முடிஞ்சுதானே இந்த இடமே காலியாச்சு? ரெண்டு தவணை இருந்தாச்சு. விதின்னு ஒண்ணு இருக்கில்ல?”

“அப்படியா?” என்றார் துணைத்தலைவர். “ஏங்க, நீங்க ஆறு வருஷமா அங்கதான் இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“அப்புறம் என்ன? சட்டப்படி முடியாதே.”

அவர் வாயைத் திறந்தார். ‘நான் உறுப்பினரே இல்லை’ என்று சொல்லவேண்டியதுதான். அதைவிடச் சுலபமான பதில் இருக்க முடியாது. சொல்ல வந்தது பாதி வழியில் நின்றது. மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்றுக்கு இரண்டு என்று தோற்றவர். மூன்றில் ஒன்று தன்னுடைய கை. அந்தக் கை செல்லாது என்றால் இரண்டுக்கு இரண்டு. சரிபாதியானால் தீர்மானம் விழுந்துவிடும். படிப்பறைக்கு மாலையில் பூட்டு.

பேசாமல் எழுந்து போய்விட்டால் நாற்காலி போகும், படிப்பறை பிழைக்கும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. அவர் கிட்டத்தட்ட எழுந்தேவிட்டார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் எழுத்தர். நல்ல எழுத்தர்களுக்கு எதையும் முடிக்காமல் மூடத் தெரியாது. “தவணை முடிஞ்சதுன்னு எழுதணும்னா நியமன ஆணை தேதி வேணும். சார், உங்களுக்கு ஆணை எந்த வருஷம் கொடுத்தாங்க?”

நேராகக் கேட்ட கேள்விக்கு வளைத்துப் பதில் சொல்ல அவருக்கு வரவில்லை.

“கொடுக்கல. என்னை நியமிக்கவே இல்லைங்க. அந்த இடம் மருந்துக்கடைக்காரரோடது. அவர் வரமாட்டாரு. மழை ஒழுகுதுன்னு தலைவர் மேஜைக்குக் கூப்பிட்டாரு, நான் வந்து உக்காந்தேன்.”

போனைப் பார்த்துக்கொண்டிருந்த கவுன்சிலர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

“என்னது, மழைக்கு ஒதுங்கினவரா?”

டைல்ஸ் கடை அம்மா சிரிக்கவில்லை. அவர் கண் இடுங்கியது.

“அப்போ அன்னிக்கு, படிப்பறைக்கு, ஒரு கை தூக்கினீங்களே. அது?”

“என் கைதான். உறுப்பினர் கை இல்ல.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் அந்த அம்மா மற்ற இருவரிடமும். குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. “இத்தனை வருஷமா நான்தான் தோத்துட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை படிப்பறைக்குள் நுழைந்தபோதே காற்று வேறு மாதிரி இருந்தது. விளம்பரப் பக்கக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நர்ஸ் மட்டும் நேராக வந்தாள்.

“என்ன அண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? ஆமாம் சாமின்னு எழுந்து வந்திருக்கலாமே!”

“கேட்டாங்கம்மா.”

“கேட்டா? என்கிட்ட பேஷன்ட் கூடத்தான் ஊசி வலிக்குமான்னு கேக்கறாங்க. வலிக்கும்னா சொல்றேன்?”

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று போனால் அங்கே அதற்கு மேல்.

“பதவியும் போச்சு, படிக்கிற இடமும் போச்சா? ரெண்டையும் ஒரே வாயால முடிச்சிட்டு வந்தீங்களே, பேஷ்!” என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினாள். பிறகு நிறுத்தினாள். “நான் அங்க இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அது வேற விஷயம். சாப்பிட வாங்க.”

அடுத்த வாரம் நகர்மன்றக் கூட்டம். பல்செட்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். நர்ஸும் படிப்பறை மாணவர்களும் பின்னால் நின்றார்கள். டைல்ஸ் கடை அம்மா எழுந்து நடந்ததைச் சொன்னார். சுருக்கமாக, மிகையில்லாமல், ஒரு வார்த்தை பொய்யில்லாமல் சொன்னார். அந்தத் தீர்மானம் செல்லாது என்று அறிவிக்கவேண்டும் என்று முடித்தார்.

நூலகக் குழுத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“நான்தான் மேஜைக்குக் கூப்பிட்டேன்,” என்றார் அவர் தலையைச் சொறிந்துகொண்டு. “கூப்பிட்டதை மறந்துட்டேன். அவர் ஒரு கூட்டம் விட்டதில்ல. வேலை எல்லாம் அவர்தான் பார்த்தாரு. உறுப்பினர் இல்லன்னு எனக்கு எப்படித் தோணும்? சொல்லப்போனா, அங்க இருக்கிறவங்கள்ல உறுப்பினர் மாதிரி இருந்தது அவர் ஒருத்தர்தான்.”

மன்றம் சிரித்தது. நகராட்சி வக்கீல் மட்டும் சிரிக்காமல் எழுந்தார்.

“அந்த ஒரு தீர்மானத்தை மட்டும் செல்லாதுன்னு சொல்ல முடியாது. சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். இந்த ஆறு வருஷத்துல இவர் கை தூக்காத தீர்மானம் எது? கூரை ரிப்பேர் காண்ட்ராக்ட் இருக்கு. இப்ப இருக்கிற நூலகரை வேலைக்கு எடுத்தது இருக்கு. எல்லாத்தையும் திரும்ப ஓட்டுக்கு விடணும். காண்ட்ராக்டர் சும்மா இருப்பாரா? நூலகர் சும்மா இருப்பாரா?”

பின்வரிசையில் நின்றிருந்த நூலகர் இருக்கமாட்டேன் என்பதுபோலத் தொண்டையைக் கனைத்தார்.

“அப்ப என்னதான் பண்றது?” என்றார் மன்றத் தலைவர்.

“ஒரு வழி இருக்கு. ஒருத்தர் ஒரு பதவியில உக்காந்து, அதுக்குரிய வேலையைப் பண்ணி, எல்லாரும் அவரை அந்தப் பதவிக்காரராவே நடத்தியிருந்தா, அவர் செஞ்சது செல்லும். மன்றம் ஒரு தீர்மானம் போட்டா போதும். அவர் அந்த ரெண்டு தவணையும் உறுப்பினரா இருந்ததாவே கருதப்படுவார்.”

கவுன்சிலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷத் தீர்மானங்களைத் திரும்ப எடுக்கவேண்டியதில்லை என்றதும் அறை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. கை தூக்கச் சொன்னார்கள். டைல்ஸ் கடை அம்மாவைத் தவிர எல்லோரும் ஆதரித்தார்கள். பின்னால் மாணவர்கள் கைதட்டினார்கள். நர்ஸ் பல்செட்காரரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்பது மணி தப்பியது.

அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார். மன்றத் தலைவர் அடுத்த தாளை எடுத்து வாசித்தார்.

“அடுத்த பொருள், அந்தக் காலியிடத்துக்கு நியமனம். மனு செஞ்சிருக்கிறவர்...” என்று நிறுத்தி, எழுத்தர் பக்கம் குனிந்தார். எழுத்தர் ஏதோ சொன்னார். தலைவர் நிமிர்ந்தார். “இப்ப போட்ட தீர்மானப்படி அவர் தொடர்ந்து ரெண்டு தவணை முடிச்சவர். அதனால மனு ஏற்கத்தக்கதல்ல. அன்னாருடைய ஆறு வருஷச் சேவைக்கு மன்றம் நன்றி தெரிவிச்சுக்குது.”

மறுபடியும் கைதட்டினார்கள். இந்த முறை பல்செட்காரர் தட்டவில்லை. விஷயம் மண்டைக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவரை நியமித்துவிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நியமித்து, இன்று மாலை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடுவில் முதுகைச் சாய்த்து உட்கார ஒரு நிமிஷம்கூட இல்லை.

வேறு மனு எதுவும் வராததால் யாரோ ஒரு கவுன்சிலர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் ஒருவரை நியமித்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆறு வருஷமா உறுப்பினரா இருந்திருக்கீங்க, வீட்டுல ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“எனக்கே இன்னிக்குத்தானே தெரியும்.”

“நான் வேற மாசாமாசம் யாரு கூப்பிட்டான்னு கேட்டுட்டே இருந்தேன். உறுப்பினரைப் போய்!”

அவரும் சிரித்தார். பாதிச் சிரிப்புதான். மீதிப் பாதிக்குச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் கடையில் மோட்டார் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது.

அடுத்த முதல் சனிக்கிழமை மாடியில் கூட்டம் நடந்தது. பல்செட்காரர் போகவில்லை. கீழே படிப்பறைக்கு வந்தபோது டைல்ஸ் கடை அம்மா வாசலில் நின்று மின்கட்டண விவரம் கேட்டு நூலகரைக் குடைந்துகொண்டிருந்தார். பல்செட்காரரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நூலகர் அதுதான் சமயம் என்று உள்ளே நழுவினார்.

“அன்னிக்கு நீங்க பேசாம எழுந்து போயிருக்கலாம்,” என்றார் அந்த அம்மா. “எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“ஆமாம்.”

“எனக்கு இந்தப் படிப்பறை இப்பவும் பிடிக்கல. வீண் செலவு.”

“தெரியுங்க.”

“மூணு வருஷம் கழிச்சு இடம் காலியாகும். மனு போடுவீங்களா?”

“போடுவேன்.”

“நான் கேள்வி கேப்பேன்.”

“கேளுங்க.”

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். பல்செட்காரர் சட்டைப்பையைத் தட்டி மாவை உதறிவிட்டு உள்ளே போனார். அவர் படிக்கிற பத்திரிகை நர்ஸின் கையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தவள், இன்னும் ரெண்டு பக்கம்தான் அண்ணா என்று விரலால் காட்டினாள். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காத்திருந்தார்.